பழைய கேம்களில் மவுஸ் தாமதம்: கணினி வேகமாக இருந்தும் ஏன் இப்படி?

எஜிபுரா_அருண் · வெள்ளி, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினி சேர்த்திருக்கிறேன். ஆறு கோர் பிராசசர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11. மானிட்டர் இன்னும் வாங்கவில்லை. ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவியில்தான் எச்டிஎம்ஐ கேபிள் போட்டு விளையாடுகிறேன்.

புது கேம்களைக் கன்ட்ரோலரில் விளையாடுவதால் குறை எதுவும் தெரியவில்லை. கல்லூரிக் காலத்துக் கேம்களை மறுபடி போட்டதும்தான் பிரச்சினை. 2008-இல் வந்த டெட் ஸ்பேஸ், மிரர்ஸ் எட்ஜ், கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, நான்கிலுமே மவுஸ் இழுக்கிறது. கையை நகர்த்திய பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பார்வை திரும்புகிறது. டெட் ஸ்பேஸ் மிக மோசம். குறி வைப்பதற்குள் ஆளை அடித்துப் போட்டுவிடுகிறது.

மவுஸின் டிபிஐ (அசைவை உணரும் நுணுக்கம்) ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். சென்சிடிவிட்டி மாற்றினேன். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்தேன். வித்தியாசம் இல்லை. புது கேம்களில்கூட எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 60-க்குக் கீழே இறங்குவதே கிடையாது. கல்லூரி ஹாஸ்டலில் இதில் பாதி பலம்கூட இல்லாத கணினியில் இதே கேம்கள் கைக்கு ஒட்டிக்கொண்டு ஓடின. வேகமான கணினியில் மவுஸ் மெதுவாவது எப்படி என்று புரியவில்லை.

ஃபிரேசர்டவுன்_ஜோ · வெள்ளி, இரவு 11:34

வி-சிங்க்கை, அதான் கேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்கை, அணைத்துவிடு மச்சா. வேலை முடிந்தது.

எஜிபுரா_அருண் · சனி, காலை 12:10

அணைத்தேன் ஜோ. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் கொஞ்சம் தேவலை. ஆனால் டெட் ஸ்பேஸில் திரை குறுக்கே கிழிந்து கிழிந்து தெரிகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அப்படி ஒரு செட்டிங்கே இல்லை. தாமதம் முழுதாகப் போகவும் இல்லை.

பழைய_டிஸ்க் · சனி, காலை 7:50

அருண், ஒரே நேரத்தில் பத்து செட்டிங்கை மாற்ற வேண்டாம். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கடைசியில் தெரியாமல் போய்விடும். முதலில், உங்களுக்கு இருப்பது உண்மையிலேயே தாமதம்தானா என்று பாருங்கள். 'மவுஸ் சரியில்லை' என்று நாம் சொல்வதில் மூன்று தனித்தனி நோய்கள் கலந்து கிடக்கின்றன. மருந்தும் வேறு வேறு.

ஒன்று, முடுக்கம். மவுஸ் பேடில் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மவுஸை வேகமாக வலது பக்கம் தள்ளி, பிறகு மிக மெதுவாக அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். குறி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் அது ஆக்சிலரேஷன். அது தாமதமே இல்லை.

இரண்டு, மென்மையாக்கல். அதாவது ஸ்மூத்திங். கை அசைந்ததும் பார்வையும் அசையத் தொடங்கும், ஆனால் கையை நிறுத்திய பிறகும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும். கேம் கடைசியாக வந்த சில அசைவுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் வருவது இது. உருண்டை வைத்த பழைய மவுஸ்களின் நடுக்கத்தை மறைக்க அன்றைக்கு இது தேவைப்பட்டது. இன்றைய மவுஸுக்குத் தேவையே இல்லை.

மூன்றாவதுதான் அசல் தாமதம். தொடங்குவதும் தாமதம், நிற்பதும் அதே அளவு தாமதம். நடுவில் அசைவு சரியாக இருக்கும்.

இந்தச் சோதனையைக் கேமில் செய்வதற்கு முன்னால் டெஸ்க்டாப்பிலேயே செய்து பாருங்கள். ஒரு விண்டோவைப் பிடித்து வேகமாக அப்படியும் இப்படியும் இழுங்கள். அங்கேயே தாமதம் தெரிந்தால் கேமைத் திட்டிப் பயனில்லை. டிவி என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

எஸ்பிரோடு_ரஃபி · சனி, காலை 9:15

அண்ணன் சொன்னது சரி. டிவி வந்த படத்தை அப்படியே காட்டாது. படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலைக் குறைப்பது, கூர்மை ஏற்றுவது, நடுவில் புது ஃபிரேம் (ஒரு தனிப் படம்) செய்து ஓட்டத்தை வழவழப்பாக்குவது என்று படத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். சினிமா பார்க்க அது பரவாயில்லை, சத்தத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்தினால் யாருக்கும் தெரியாது. மவுஸுக்கு அது விஷம். சில டிவிகளில் இது மட்டுமே 100 மில்லிசெகண்டைத் தாண்டும்.

பிக்சர் மெனுவில் கேம் மோடு என்று இருக்கும், போடுங்கள். பல டிவிகளில் அந்தந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். இன்புட் பெயரை 'பிசி' என்று மாற்றினால்தான் எல்லா வேலையையும் நிறுத்தும் டிவிகளும் உண்டு. அதையும் செய்து பாருங்கள்.

வயர்லெஸ் மவுஸா? அதன் டாங்கிளை, அதாவது யுஎஸ்பியில் செருகும் ரிசீவரை, எங்கே செருகியிருக்கிறீர்கள்?

எஜிபுரா_அருண் · சனி, காலை 11:02

வயர்லெஸ்தான் ரஃபி. 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். கேபினட்டுக்குப் பின்னால், நீல நிற யுஎஸ்பி போர்ட்டில். பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க்.

எஸ்பிரோடு_ரஃபி · சனி, காலை 11:09

முதலில் அங்கிருந்து எடுங்கள். நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளுக்கும் மவுஸுக்கும் நடுவில் இரும்பு கேபினட் வேறு. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை மேசை மேல் மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். இது சீரான தாமதத்தைத் தராது, விட்டு விட்டுத் துள்ளும். நீங்கள் சொல்லும் முக்கியக் குறை இது இல்லைதான், ஆனால் இதைத் தீர்க்காமல் மற்றதை அளந்தால் கணக்கு குழம்பும்.

பழைய_டிஸ்க் · சனி, மதியம் 12:30

அளப்பது என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். கண்ணை நம்ப வேண்டாம். போனில் ஸ்லோமோஷன் இருந்தால் 240 எஃப்பிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவின் ஒரு ஃபிரேம் என்பது 4.17 மில்லிசெகண்ட். மவுஸும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்து, மவுஸைப் பக்கவாட்டில் விரலால் டக் என்று தட்டுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, மவுஸ் அசைந்ததிலிருந்து படம் அசையும் வரை எண்ணுங்கள். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாற்றும் திரையில் எந்தக் கணத்தில் தட்டினோம் என்பதைப் பொறுத்தே 16 மில்லிசெகண்ட் வரை முன்பின் ஆகும். ஒரு தட்டை வைத்து முடிவு கட்டாமல், பல தட்டுகளின் சராசரியைப் பாருங்கள்.

எஜிபுரா_அருண் · சனி, மாலை 6:40

அளந்துவிட்டேன் அண்ணா. டெஸ்க்டாப்பில் கேம் மோடு இல்லாமல் சராசரி 30 வீடியோ ஃபிரேம். அதாவது 125 மில்லிசெகண்ட்! கேம் மோடு போட்டு இன்புட்டை 'பிசி' ஆக்கியதும் 11, 12-க்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 50. டாங்கிளையும் மேசைக்குக் கொண்டுவந்தாயிற்று. இத்தனை நாள் இந்த டிவி எத்தனை பாரத்தை ஏற்றி வைத்திருந்தது என்று பார்க்கவே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் டெட் ஸ்பேஸில் அதன் சொந்த வி-சிங்க் போட்டால் இன்னமும் 40 ஃபிரேமுக்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட 170. இது டிவி செய்யும் வேலை இல்லை என்று இப்போது நிச்சயமாகத் தெரிகிறது.

பழைய_டிஸ்க் · சனி, இரவு 9:25

அருமை. இப்போது பேச ஒரு பிடி கிடைத்துவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கே வருகிறேன்: வேகமான கணினியில் மவுஸ் ஏன் மெதுவாகிறது?

கேம் ஒரு ஃபிரேமை உருவாக்கும்போது முதலில் மவுஸ் எங்கே இருக்கிறது என்று படிக்கும். அதை வைத்து உலகத்தைக் கணக்கிட்டு, வரையும் கட்டளைகளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பும். கார்டு முந்தைய ஃபிரேமை இன்னும் முடிக்கவில்லை என்றாலும் பிராசசர் சும்மா நிற்காது, அடுத்த ஃபிரேமின் கட்டளைகளையும் எழுதி வரிசையில் வைத்துவிடும். விண்டோஸ் கேம்கள் கார்டோடு பேசும் வழியான டைரக்ட்3டி-யில் இப்படி முன்கூட்டியே வைக்கும் அளவு, யாரும் மாற்றாவிட்டால், மூன்று ஃபிரேம் வரை. தர்ஷினி ஓட்டலில் மூன்று தோசை ஏற்கனவே கல்லில் இருக்கும்போது நீங்கள் போய் 'நெய் போடுங்க' என்று சொன்னால், நெய் நாலாவது தோசையில்தான் வரும். அதே கதை. மவுஸ் நிலை அந்த மூன்று ஃபிரேம்களுக்குள் ஏற்கனவே வெந்துவிட்டது.

60 ஹெர்ட்ஸில் கேமின் ஒரு ஃபிரேம் 16.67 மில்லிசெகண்ட். வரிசையில் மூன்று நின்றால் 50. கேம் 30 எஃப்பிஎஸ்ஸில் ஓடினால் அதே மூன்று 100 ஆகிவிடும்.

இந்த வரிசை எப்போது நிறைகிறது என்பதுதான் விஷயம். பிராசசர் மெதுவாக, கார்டு காத்திருக்கும் நிலையில் இருந்தால் வரிசை காலியாகவே இருக்கும். உங்கள் ஹாஸ்டல் கணினியில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். திரையும் அநேகமாகக் கண்ணாடிக் குழாய் மானிட்டராக இருந்திருக்கும், அது படத்தை வாங்கி வைத்துக்கொள்ளாது. இப்போது உங்கள் கணினி 300 எஃப்பிஎஸ் தரும் பலத்துடன் இருக்கிறது, வி-சிங்க் அதை 60-இல் பிடித்து நிறுத்துகிறது. பிராசசர் ஓடிப்போய் வரிசையை நிரப்பிவிட்டு ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறது. வரிசை எப்போதும் நிறைந்தே இருக்கிறது. பலம் கூடியதால்தான் தாமதம் நிரந்தரமாகிவிட்டது.

டெட் ஸ்பேஸுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் கேமுக்குள் இருக்கும் வி-சிங்க், 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 எஃப்பிஎஸ்ஸுக்கு இறக்கிவிடும். அதனால்தான் உங்களுக்கு அது எல்லாவற்றையும்விட மோசமாகத் தெரிந்தது.

ஃபிரேசர்டவுன்_ஜோ · சனி, இரவு 9:41

அதனால்தானே முதலிலேயே அணைக்கச் சொன்னேன். ஷூட்டிங் கேமில் வி-சிங்க் போடுவதே தப்பு. கிழிந்தால் கிழியட்டும்.

பழைய_டிஸ்க் · சனி, இரவு 10:05

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் உங்கள் பேச்சுதான் ஜோ, நானும் அணைத்துத்தான் விளையாடுவேன். ஆனால் எல்லாப் பழைய கேமுக்கும் அது ஒத்துவராது. டெட் ஸ்பேஸில் எஃப்பிஎஸ் அளவில்லாமல் ஏறினால் பொருள்கள் விழுவது, உருளுவது எல்லாம் தாறுமாறாகும். ஸ்கைரிம் கேமும் அப்படித்தான், அதன் இயற்பியல் கணக்கு 60 எஃப்பிஎஸ்ஸை நம்பிக் கட்டப்பட்டது. அணைத்துவிட்டு ஓடவிட்டால் மேசை மேல் இருக்கும் தட்டுகள் பறக்கும்.

அருண், டெட் ஸ்பேஸுக்கு இதைச் செய்யுங்கள். கேமுக்குள் வி-சிங்க்கை அணையுங்கள். கிராபிக்ஸ் டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் அந்தக் கேமுக்கு மட்டும் வி-சிங்க்கைப் போடுங்கள். அதே இடத்தில் என்விடியா என்றால் லோ லேட்டன்சி மோடு, ஏஎம்டி என்றால் ஆன்டி-லேக். இரண்டுமே அந்த வரிசையைக் குறைப்பவை, 2019-இல் வந்தவை. என்விடியாவில் அதற்கு முன்னால் 'மேக்சிமம் பிரீ-ரெண்டர்டு ஃபிரேம்ஸ்' என்ற பெயரில் எண்ணாகவே இருந்தது, பழைய டிரைவர் வைத்திருப்பவர்கள் அதை 1 ஆக்கலாம்.

இதற்கும் மேலே முக்கியமான வேலை, எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தைவிட ஒரு மயிரிழை குறைவாகக் கட்டுவது. ரிவாடியூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் இலவசம், அதில் செய்யலாம். கேம் திரையைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடினால் வரிசை நிறைய வழியே இல்லை. வி-சிங்க் கிழிசலைத் தடுக்கும், தாமதம் மட்டும் போய்விடும்.

எவ்வளவு குறைவாக? விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் உங்கள் டிவியின் சரியான வேகத்தைப் பாருங்கள். சரியாக 60 என்று காட்டினால், 59-இல் கட்டும்போது நொடிக்கு ஒரு முறை ஒரு ஃபிரேம் இரட்டிக்கும், அது கண்ணுக்குச் சின்னத் துள்ளலாகத் தெரியும். 59.9-இல் கட்டினால் பத்து நொடிக்கு ஒரு முறைதான். டிவிகள் பல 59.94-இல் ஓடும். அங்கே 59.9 என்றால் 25 நொடிக்கு ஒரு முறை. யாருக்கும் தெரியாது.

எஜிபுரா_அருண் · ஞாயிறு, காலை 10:15

அண்ணா, 40 ஃபிரேமுக்கு மேல் இருந்தது 18-க்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 75 மில்லிசெகண்ட். அதில் 50 டெஸ்க்டாப்பிலேயே இருப்பது. கிழிசலும் இல்லை. முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்தேன்.

லோ லேட்டன்சி மட்டும் போட்டு, கட்டுப்பாடு போடாமல் பார்த்தபோது பாதி வித்தியாசம்தான் கிடைத்தது. 59.9-இல் கட்டியதும்தான் சட்டென்று இறங்கியது.

மிரர்ஸ் எட்ஜில் இதே வேலையைச் செய்தேன். தாமதம் குறைந்தது, ஆனால் நீங்கள் சொன்ன 'வழுக்கல்' இருக்கிறது. கையை நிறுத்தினாலும் பார்வை நகர்கிறது.

வித்யா_மாரத்தஹள்ளி · ஞாயிறு, காலை 11:30

அது ஸ்மூத்திங். மிரர்ஸ் எட்ஜ், கேம்கள் கட்ட உதவும் அடித்தள மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 3-இல் செய்தது. அந்த எஞ்சினில் வந்த பல கேம்களில் இது போட்டே வரும், மெனுவில் அணைக்க வழி இருக்காது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் கேமின் கன்ஃபிக் ஃபோல்டர் இருக்கும். அதில் இன்புட் என்று முடியும் ஐஎன்ஐ ஃபைலை (செட்டிங் எழுதி வைத்த ஃபைல்) நோட்பேடில் திறந்து 'மவுஸ் ஸ்மூத்திங்' என்ற சொற்கள் வரும் வரியைத் தேடி, ட்ரூ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். எஞ்சின் என்று முடியும் ஃபைலில் 'ஒன் ஃபிரேம் த்ரெட் லேக்' என்று ஒரு வரி இருக்கும். பெயரே சொல்கிறது, கேம் கணக்கிடும் த்ரெட்டும் (தனியாக ஓடும் வேலைச் சரடு) வரையும் த்ரெட்டும் ஒரு ஃபிரேம் இடைவெளியில் ஓட அனுமதிப்பது. அதையும் ஃபால்ஸ் ஆக்கலாம். எஃப்பிஎஸ் கொஞ்சம் குறையும், இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மாற்றுவதற்கு முன்னால் இரண்டு ஃபைலையும் காப்பி எடுத்து வையுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல ஆசை. இந்தத் தாமதத்தைக் கேம் செய்தவர்கள் கவனிக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1999-இல் வந்த க்வேக் 3-இல் 'ஆர் ஃபினிஷ்' என்று ஒரு கட்டளை உண்டு. அதை 1 ஆக்கினால் கார்டு முடிக்கும் வரை பிராசசர் காத்திருக்கும், வரிசை சேராது. 2004-இன் அன்ரியல் டோர்னமென்டில் 'ரெட்யூஸ் மவுஸ் லேக்' என்று மெனுவிலேயே வைத்தார்கள். எஃப்பிஎஸ்ஸைக் கொஞ்சம் கொடுத்து உடனடித் தன்மையை வாங்கும் பேரம் அது. அன்றைய கணினிகளுக்கு அந்த விலை அதிகம் என்பதால் பலர் அணைத்து வைத்தார்கள். இன்றைக்கு நம்மிடம் எஃப்பிஎஸ் கொட்டிக் கிடக்கிறது. தயங்காமல் போடலாம்.

கேம் மவுஸை எப்படிப் படிக்கிறது என்பதும் முக்கியம். மிகப் பழைய கேம்கள் விண்டோஸின் கர்சர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, பார்த்ததும் அதை நடுவுக்கு இழுத்துவிடும். இதில் விண்டோஸின் ஆக்சிலரேஷனும் சேர்ந்தே வரும். அப்புறம் வந்தவை டைரக்ட்இன்புட் என்ற மைக்ரோசாஃப்ட் வழியைப் பயன்படுத்தின. விண்டோஸ் எக்ஸ்பியில் ரா இன்புட் வந்தது, மவுஸ் சொன்ன எண்ணை அப்படியே கேமுக்குத் தருவது. மைக்ரோசாஃப்ட் தன் வழிகாட்டுதலிலேயே, டைரக்ட்இன்புட் இப்போது உள்ளுக்குள் தனி த்ரெட் வைத்து அதே ரா இன்புட்டைத்தான் படிக்கிறது, அதனால் கூடுதல் சுமைதான் என்று சொல்லியிருக்கிறது. கேமில் ரா இன்புட் என்று ஒரு தேர்வு இருந்தால் போட்டுவிடுங்கள்.

எஸ்பிரோடு_ரஃபி · ஞாயிறு, மதியம் 1:05

வித்யா மேடம் சொன்னதோடு போலிங் ரேட்டையும், அதாவது மவுஸ் நொடிக்கு எத்தனை முறை தன் நிலையைச் சொல்கிறது என்பதையும், சேர்க்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெரிய எண்ணைத்தான் கேட்கிறார்கள். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை நிலையைச் சொல்லும், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கேமிங் மவுஸ் 1000 முறை. இப்போது 4000, 8000 எல்லாம் வந்துவிட்டது. 125-இலிருந்து 1000-க்குப் போனால் சில மில்லிசெகண்ட் லாபம் உண்மைதான். ஆனால் பழைய கேம் ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தால் திணறிவிடும், மவுஸை அசைக்கும்போது மட்டும் எஃப்பிஎஸ் விழும். மவுஸை அசைக்காவிட்டால் சரியாக ஓடுகிறது, அசைத்தால் திக்குகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். மவுஸின் சாஃப்ட்வேரில் 500, அல்லது 250, அதற்கும் கேட்காவிட்டால் 125 என்று இறக்குங்கள்.

எஜிபுரா_அருண் · ஞாயிறு, மாலை 4:20

மிரர்ஸ் எட்ஜ் சரியாகிவிட்டது வித்யா அக்கா. வழுக்கல் போயே போச்சு. ஓடிக்கொண்டே திரும்பிக் குதிப்பது இப்போது நினைத்த இடத்தில் நடக்கிறது.

ஜோ, அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் லேப்டாப்போடு வீட்டுக்கு வருகிறார்கள், கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து விளையாடும் கவுன்டர் ஸ்ட்ரைக் லேன். உன் செட்டிங்கைச் சொல்லேன்.

ஃபிரேசர்டவுன்_ஜோ · ஞாயிறு, மாலை 4:48

ஸ்டீமில் இருப்பதுதானே? கேமுக்குள் கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து 'எம் ரா இன்புட்' 1 ஆக்கு. 'ஜிஎல் வி-சிங்க்' 0. 'எம் ஃபில்டர்' 0, இரண்டு அசைவைச் சராசரி எடுப்பதை நிறுத்த. 'எஃப்பிஎஸ் மேக்ஸ்' 100. அதற்கு மேல் வேண்டும் என்றால் 'எஃப்பிஎஸ் ஓவர்ரைடு' 1 போட வேண்டும், ஆனால் லேனில் எல்லாரும் 100-இல் இருப்பதுதான் நியாயம். நெட்டில் 'நோ ஃபோர்ஸ் எம்அக்செல்' என்று லான்ச் ஆப்ஷன்கள் கிடைக்கும். ரா இன்புட் வருவதற்கு முந்தைய காலத்து வைத்தியம் அது. ரா இன்புட் போட்டால் தேவையில்லை.

ஃபுல்ஸ்கிரீனில் ஓட்டு. விண்டோவில் ஓட்டினால் டெஸ்க்டாப்பை வரையும் விண்டோஸின் அடுக்கு நடுவில் வந்து நிற்கும். விண்டோஸ் 8-இலிருந்து அதை அணைக்கவே முடியாது.

வித்யா_மாரத்தஹள்ளி · ஞாயிறு, மாலை 5:10

அதோடு கேமின் இஎக்ஸ்இ ஃபைலில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே 'டிசேபிள் ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ்'. விண்டோஸ் 10-இலிருந்து பல கேம்களின் ஃபுல்ஸ்கிரீனை விண்டோஸ் தானாகவே எல்லையில்லாத விண்டோவாக நடத்துகிறது. சில கேம்களில் அதுவே நன்றாக ஓடும், சில பழையவற்றில் தாமதம் கூடும். இரண்டையும் போனில் அளந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஜிபுரா_அருண் · ஞாயிறு, மாலை 6:30

மிச்சம் இருப்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999-இன் பழைய டிஸ்க்தான், புதுப் பதிப்பு இல்லை. இதில் கர்சரே மெதுவாக ஊர்கிறது.

பழைய_டிஸ்க் · ஞாயிறு, இரவு 8:15

விண்டோஸின் கர்சரைக் கிராபிக்ஸ் கார்டு கடைசி நொடியில் தனியாகப் படத்தின் மேல் வைக்கும். அதனால் அது எப்போதும் கைக்கு நெருக்கமாக இருக்கும். கேம் தானே கர்சரையும் படத்துக்குள் வரைந்தால், படம் எவ்வளவு தாமதமோ கர்சரும் அவ்வளவு தாமதம். படம் நொடிக்கு 20 முறை மாறினால் கர்சரும் 20 முறைதான் நகரும்.

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் முகவரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'நார்மல்மவுஸ்' என்று சேர்த்தால், இந்தக் கேம் விண்டோஸின் சொந்தக் கர்சரையே பயன்படுத்தும். அது போதாவிட்டால் சிஎன்சி-டிடிரா. டைரக்ட்டிராவில் வரையும் பழைய 2டி கேம்களைப் புதிய கார்டுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் இலவசக் கருவி. ஃபைல்களைக் கேம் ஃபோல்டரில் போட்டால் போதும். இதே காலத்து 3டி கேம்களுக்கு டிஜிவூடூ 2.

லினக்ஸ்_கதிர் · ஞாயிறு, இரவு 9:00

லினக்ஸில் விளையாடுகிறவர்களுக்கு: டைரக்ட்3டி 9 கேம்கள் பெரும்பாலும், அவற்றின் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே வழியாக ஓடும். கேம் ஃபோல்டரில் டிஎக்ஸ்விகே கன்ஃப் ஃபைல் வைத்து, டி3டி9-க்கான 'மேக்ஸ் ஃபிரேம் லேட்டன்சி' வரியை 1 ஆக்குங்கள். அண்ணன் சொன்ன மூன்று ஃபிரேம் வரிசை ஒன்றாகிவிடும். விண்டோஸிலும் இதன் டிஎல்எல்லைப் போட்டுப் பலர் ஓட்டுகிறார்கள்.

கோரமங்களா_நிவி · திங்கள், காலை 8:40

நான் பிஜி விடுதியில் லேப்டாப்பில் விளையாடுகிறேன். 144 ஹெர்ட்ஸ் திரை. ஃபால்அவுட் 3. புளூடூத் மவுஸ். இங்கே சொன்ன எஃப்பிஎஸ் கட்டுப்பாடு போட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆக்சிலரேஷனும் இருக்கிறது, பேடில் திரும்பக் கொண்டுவந்தால் குறி வேறு இடத்தில் நிற்கிறது.

வித்யா_மாரத்தஹள்ளி · திங்கள், காலை 9:20

நிவி, முதலில் புளூடூத்தை விட்டு வயரோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோ மாறுங்கள். ஆபீஸ் வேலைக்கு புளூடூத் போதும், குறி பார்க்கப் போதாது.

ஆக்சிலரேஷனுக்கு, டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள் ஃபால்அவுட் 3-இன் ஐஎன்ஐ ஃபைல். கன்ட்ரோல்ஸ் பகுதியில் 'ஃபோர்கிரவுண்ட் மவுஸ் அக்செல்' என்று தொடங்கும் இரண்டு வரிகள், பேஸ், டாப். இரண்டையும் 0 ஆக்குங்கள். ஸ்கைரிமுக்கு இதுவே 'மவுஸ் ஆக்சிலரேஷன்' என்ற ஒரே வரி.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். பெரிய கார்டு வரைந்த படத்தைச் சின்ன கார்டுக்கு காப்பி எடுத்து அனுப்பி, அங்கிருந்துதான் பல மாடல்களில் திரைக்குப் போகும். அந்தக் காப்பியும் நேரம் எடுக்கும். பெரிய கார்டை நேராகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் ஸ்விட்ச் உள்ள மாடல் என்றால், தயாரிப்பாளரின் சாஃப்ட்வேரிலோ பயாஸிலோ நேரடி இணைப்புக்கு மாற்ற வழி இருக்கும். உங்கள் திரை 144 என்பதால் ஒரு நன்மை உண்டு. கேம் 60-இல் ஓடினாலும், படம் மேலிருந்து கீழ்வரை திரையில் வர 7 மில்லிசெகண்ட் போதும். அருணின் டிவிக்கு அதே வேலைக்கு 16-க்கு மேல் ஆகும்.

எஜிபுரா_அருண் · திங்கள், மதியம் 1:30

அதைப் படித்ததும் எனக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஆசை வந்துவிட்டது. ரஃபி, செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

எஸ்பிரோடு_ரஃபி · திங்கள், மதியம் 2:10

வாங்கலாம். செருகியதும் விண்டோஸில் 144 தேர்வு செய்து பாருங்கள். பலர் வீட்டுக்குக் கொண்டுபோய் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். பழைய எச்டிஎம்ஐ போர்ட் உள்ள சில மாடல்களில் அந்த வழியாக 144 வராது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத்திரை நிறம் போட்டுச் செத்த பிக்சல் பாருங்கள். மெனுவில் ஓவர்டிரைவ் (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டுவது) கடைசி அளவில் இருந்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெள்ளை நிழல் வரும், நடு அளவில் வைத்துச் சோதியுங்கள். ஃப்ரீசிங்க் இருந்தால் இன்னும் நல்லது, எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்பத் திரையே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும், 59.9 கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை.

எஜிபுரா_அருண் · திங்கள், மதியம் 2:25

கடையிலேயே போனில் ஸ்லோமோஷன் எடுத்து அளக்க விடுவார்களா?

எஸ்பிரோடு_ரஃபி · திங்கள், மதியம் 2:31

எங்கள் கடையில் தாராளமாக. லேன் வைத்திருக்கும் சனிக்கிழமை காலையிலேயே வாருங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் தாங்காது. உங்கள் மவுஸையும் டாங்கிளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.